புற்றுநோய் சிகிச்சைக் காலத்தில் கஞ்சா எண்ணெய்: குமரி மாவட்டக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்க்கிறேன். நெய்யூருக்கும் ஆசாரிப்பள்ளத்துக்கும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி.க்கும் கீமோவுக்குப் போய்வருகிறவர்களின் சீட்டுகள் தினமும் என் கைக்கு வருகின்றன. சில ஆண்டுகளாக ஒரு புதிய வழக்கத்தைப் பார்க்கிறேன். மாத்திரைகளை வாங்கிப் பையில் போட்ட பிறகும் சிலர் கிளம்புவதில்லை, கடையில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றுவிட்டு, "அந்த எண்ணெய் இங்க கிடைக்குமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். எங்களிடம் அது கிடையாது. கேட்டவர்களுக்கு நின்றபடியே சொன்ன பதில்களைத்தான் இங்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன் என்பதால், எத்தனை துளி குடிக்கலாம் என்ற கேள்விக்கு இந்தப் பக்கத்தில் பதில் இருக்காது.

கஞ்சா எண்ணெய் என்பது எது?

ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு பொருள்கள் புழங்குகின்றன. குழப்பத்தில் பாதி இதனால் வருவதுதான். முதலாவது, பூவிலிருந்தும் பிசினிலிருந்தும் பிழிந்தெடுத்த கெட்டியான கரும் எண்ணெய். போதை தரும் டி.எச்.சி. இதில்தான் மிகுதி. இரண்டாவது, சி.பி.டி. என்ற சேர்மத்தை முதன்மையாகக் கொண்ட எண்ணெய், சி.பி.டி. போதை தராது, ஆனால் உடலில் வேலை செய்யாத பொருளும் அல்ல. மூன்றாவது, ஆயுர்வேத உரிமத்தின் கீழ் 'விஜயா' என்ற பெயரில் விற்கப்படும் இலைச்சாறு கலந்த எண்ணெய், இதில் டி.எச்.சி., சி.பி.டி. இரண்டும் இருக்கலாம். நான்காவது, விதையை ஆட்டி எடுக்கும் எண்ணெய். இது எள்ளெண்ணெய், கடலை எண்ணெய் போல ஓர் உணவு எண்ணெய்தான். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் இதை உணவுப் பொருளாக ஏற்றுக்கொண்டது. விதையெண்ணெயை வாங்கிவந்து வாந்தி நிற்கவில்லை என்று வருந்துகிறவர்களும் உண்டு. நிற்பதற்கு உரிய சரக்கு அதில் இல்லை.

இது புற்றுநோயைக் குணப்படுத்துமா?

இல்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த செல்களிலும் எலிகளிலும் சில விளைவுகளைக் கண்டிருக்கிறார்கள். மனிதர்களிடம் கட்டி கரைந்ததற்கு நம்பத்தக்க சான்று கிடையாது. கீமோவையோ கதிர்வீச்சையோ நிறுத்திவிட்டு எண்ணெயை நம்பலாம் என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். இனி வருவதெல்லாம் குமட்டல், வலி, பசியின்மை, தூக்கமின்மை போன்ற தொந்தரவுகளைத் தணிப்பது பற்றி மட்டுமே.

கீமோவால் வரும் வாந்திக்கு உதவும் என்கிறார்களே, அது உண்மையா?

ஓரளவு உண்மை. டி.எச்.சி.யைச் செயற்கையாகச் செய்த டிரோனாபினால், அதைப் போன்ற நாபிலோன் ஆகிய இரண்டு மருந்துகளுக்கும் அமெரிக்கா 1985இலேயே அனுமதி கொடுத்தது. வழக்கமான வாந்தி மருந்துகள் பலிக்காதபோது மட்டும் என்ற நிபந்தனையோடு. ஆஸ்திரேலியாவில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, வழக்கமான மருந்துகளை எடுத்தும் வாந்தி அடங்காதவர்களை எடுத்துக்கொண்டது. அந்த மருந்துகளோடு 2.5 மில்லிகிராம் டி.எச்.சி.யும் 2.5 மில்லிகிராம் சி.பி.டி.யும் அடங்கிய குளிகையைச் சேர்த்தபோது, வாந்தியும் கூடுதல் மருந்தும் இல்லாமல் அந்தக் கீமோ சுற்றைக் கடந்தவர்கள் 14 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்ந்தார்கள். அதே ஆய்வில் 31 சதவீதத்தினருக்கு மயக்கம், தலைசுற்றல், நிதானம் தவறுதல் போன்ற தொல்லைகள் மிதமாகவோ கடுமையாகவோ இருந்தன. ஆனாலும் பெரும்பாலோர் ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தில்லாத வெற்றுக் குளிகையைவிட இதையே விரும்பினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. வாந்தியின் கொடுமை அப்படிப்பட்டது.

அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த எல்லைக்குள்தான் நிற்கிறது. மற்ற மருந்துகளுக்கு அடங்காத வாந்திக்கு, தரம் சோதித்த, அளவு தெரிந்த குளிகையைச் சேர்க்கலாம். நோயையே குணப்படுத்தும் மருந்தாக, ஆராய்ச்சிக்கு வெளியே, பயன்படுத்தக் கூடாது. அளவு தெரிந்த அந்தக் குளிகைகள் நம் ஊர்க் கடைகளில் சீட்டைக் கொடுத்து வாங்கும் நிலையில் இல்லை. இங்கே கைக்குக் கிடைப்பது அளவு தெரியாத பாட்டில். ஆய்வு செய்தது ஒரு பொருளை, நாம் வாங்குவது வேறொரு பொருளை.

வழக்கமான மருந்தைக் கொடுத்தும் வாந்தி நிற்கவில்லையே, பிறகு என்னதான் செய்வது?

எண்ணெயைத் தேடுவதற்கு முன்னால் பழைய மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். என்னிடம் வந்தவர்களில் பலருக்கு மருந்து தோற்கவில்லை, மருந்து வயிற்றுக்குள் போகவே இல்லை.

கீமோ வாந்தி ஒரே வகை அல்ல. ஊசி ஏறிய 24 மணி நேரத்துக்குள் வருவது ஒன்று. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை வருவது இன்னொன்று. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து போட்டவர்களை அதிகம் வாட்டுவது இதுதான். மூன்றாவது வகை மனதில் பதிந்த பயத்தால் வருவது. பேருந்து ஆஸ்பத்திரி வளைவில் திரும்பும்போதே, ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறும் முன்பே, ஓக்காளம் வந்துவிடும். முதல் நாளுக்கு வாந்தித் தடுப்பு மருந்தை நரம்பில் ஊசியாகப் போட்டுவிடுகிறார்கள், அதனால் அன்று மாலை நன்றாகவே இருக்கும். "அம்மாவுக்கு வாந்தியே இல்லை, எதற்கு வீணாக மாத்திரை" என்று வீட்டில் இரண்டாம் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் உரிய டெக்சாமெதாசோன் என்ற வாந்தித் தடுப்பு மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். மூன்றாம் நாள் நள்ளிரவில் கிண்ணத்தைத் தேடுவார்கள். வாந்தி வந்த பிறகு அடக்குவது, வருமுன் தடுப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

இன்னொரு மாத்திரையின் கதை இதைவிடச் சோகமானது. ஓலான்சபின் என்ற மருந்து கீமோ வாந்திக்கு மிக நன்றாக வேலை செய்கிறது, விலையும் குறைவு. ஆனால் வீட்டுப் பையன் கைபேசியில் பெயரைத் தட்டிப் பார்த்து, இது மனநோய்க்குக் கொடுக்கும் மாத்திரை என்று கண்டுபிடித்துவிடுவான். உடனே அட்டை பிரிக்காமல் திரும்பி வரும், "எங்கம்மைக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. ஒரு மருந்துக்கு இரண்டு வேலை இருக்கக் கூடாதா என்ன? ஒண்டான்செட்ரான் அல்லது பாலோனோசெட்ரான், டெக்சாமெதாசோன், அப்ரெபிடன்ட், ஓலான்சபின் ஆகிய வாந்தி மருந்துகளில் உங்களுக்கு எழுதியவை எவை, அவற்றில் உண்மையில் விழுங்கியவை எவை என்று ஒரு தாளில் எழுதி அடுத்த சுற்றுக்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். பயத்தால் வரும் மூன்றாம் வகைக்கு முந்தைய இரவே கொடுக்கும் பதற்றத் தணிப்பு மாத்திரை உண்டு; கேட்டால்தான் எழுதுவார்கள்.

பசி எடுக்கவும் எடை கூடவும் உதவுமா?

பசியைத் தூண்டும் என்ற பெயர் கஞ்சாவுக்குப் பழையது. ஆனால் புற்றுநோயாளிகளிடம் நேருக்கு நேர் ஒப்பிட்ட 2002ஆம் ஆண்டு ஆய்வொன்றில், பசியைத் தூண்டக் கொடுக்கும் மெஜெஸ்ட்ரால் என்ற மருந்தை எடுத்தவர்களில் 75 சதவீதத்தினருக்கும் டிரோனாபினால் எடுத்தவர்களில் 49 சதவீதத்தினருக்கும் பசி கூடியது. அதைவிட நமக்கு நெருக்கமான சான்று புதுச்சேரி ஜிப்மரிலிருந்து 2023இல் வந்தது. இரைப்பை, கல்லீரல்-பித்தப்பை-கணையம், நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களுக்கு மேலே சொன்ன அதே ஓலான்சபினைத் தினமும் 2.5 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் கொடுத்தார்கள். எடை ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடியவர்கள் அந்தக் குழுவில் 60 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 9 சதவீதம். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் பாட்டிலுக்கு இப்படி ஒரு சான்று கிடையாது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, தட்டு நிறையச் சோறு வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டாயப்படுத்துவதை விடுங்கள். சம்பா அரிசிக் கஞ்சியும் பயறும், நன்றாக மசிந்த ஏத்தன் பழமும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நான்கு வாய். மீன் பொரிக்கும் வாசனை ஆகாதவர்களுக்கு அன்று வீட்டில் மீன் வேண்டாம்.

வலிக்கு?

வலி விஷயத்தில் சான்று பலவீனமானது. மார்ஃபின் போன்ற மருந்துகளுக்கும் அடங்காத புற்றுநோய் வலிக்கு டி.எச்.சி.யும் சி.பி.டி.யும் கலந்த வாய்த்தெளிப்பு மருந்தைப் பெரிய அளவில் சோதித்தபோது, வெற்று மருந்தைவிடத் தெளிவான மேன்மை கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் முற்றிய புற்றுநோயாளிகளிடம் தனி சி.பி.டி. எண்ணெயைச் சோதித்து 2022இல் முடிவு வெளியிட்டார்கள். நல்ல தணிப்பு சிகிச்சை கிடைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு எண்ணெய் கூடுதலாக எதையும் தரவில்லை.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சொல்லியாக வேண்டும். கஞ்சாவைத் தடுக்கும் 1985ஆம் ஆண்டு போதைப் பொருள் தடுப்புச் சட்டம் மார்ஃபினையும் இறுக்கிப் பிடித்ததால், வலியில் துடித்தவர்களுக்குப் பல ஆண்டுகள் அது எட்டாமலே இருந்தது. 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் ஒரே அனுமதியில் மார்ஃபின் வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். அந்தத் திருத்தத்துக்காகப் போராடியவர்களில் முதன்மையானவர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், அவர் 2003இல் தொடங்கிய பாலியம் இந்தியா என்ற தணிப்பு சிகிச்சை அமைப்பு நமக்கு எட்டும் தூரத்தில், திருவனந்தபுரத்தில் இருக்கிறது. சட்டம் தளர்ந்த பிறகும் நம் வீடுகளில் பயம் தளரவில்லை. மார்ஃபின் என்றால் கடைசி மூச்சுக்கு முந்தைய மருந்து என்று நினைத்து வேண்டாம் என்கிறவர்களே, அளவு தெரியாத கஞ்சா எண்ணெயை "இயற்கைதானே" என்று துணிந்து கொடுக்கிறார்கள். சரியான அளவில், மலச்சிக்கலுக்கும் சேர்த்து மருந்து கொடுத்து எடுக்கும் மார்ஃபின் வலிக்குப் பல பத்தாண்டுகள் சோதிக்கப்பட்ட மருந்து. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு, 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் தணிப்பு சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள்.

தூக்கத்துக்கு?

டி.எச்.சி. உள்ள எண்ணெய் தூங்க வைக்கும். மறுநாள் காலையிலும் தூங்க வைக்கும். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவரும், வள்ளத்தில் கடலுக்குப் போகிறவரும், இருசக்கர வண்டி ஓட்டுகிறவரும் இதைத் தொடவே கூடாது.

மற்ற மருந்துகளோடு சேர்ந்தால் என்ன ஆகும்?

நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் அக்காவுக்கு மார்பகப் புற்று. அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து நோய் திரும்பாமல் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் தீயாய்க் காந்துகிறது, தூக்கமே இல்லை என்பாள். திடீரென்று ஒரு மாதம் நன்றாகத் தூங்குகிறாள் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டோம். பிறகு ஒரு நாள் அதிகாலையில் குளியலறையில் தலைசுற்றி விழுந்தாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில், முட்டைகளுக்குப் பின்னால், ஒரு எவர்சில்வர் தம்ளருக்குள் கவிழ்த்து வைத்த பழுப்பு நிறப் பாட்டிலை அதன் பிறகுதான் கண்டெடுத்தேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மருமகன் அன்பாக வாங்கிக்கொடுத்தது. மருந்தாளுநரான தம்பிக்கும் சொல்லவில்லை, மருத்துவருக்கும் சொல்லவில்லை.

டமாக்சிஃபென் அப்படியே வேலை செய்வதில்லை. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை எண்டாக்சிஃபென் என்ற வடிவத்துக்கு மாற்ற வேண்டும். சி.பி.டி. அந்த நொதியைத் தடுக்கக்கூடியது. அப்படித் தடுத்தால், தினமும் மாத்திரை விழுங்கியும் பயன் குறையலாம். வேறு பல மருந்துகளையும் கையாளும் கல்லீரல் நொதிகளை சி.பி.டி. தடுக்கிறது; அவற்றில் சில புற்றுநோய் மருந்துகளும் அடக்கம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு ஏறி ரத்தக்கசிவு வரலாம். மார்ஃபின், ஓலான்சபின், தூக்க மாத்திரை இவற்றோடு டி.எச்.சி. சேர்ந்தால் மயக்கம் கூடும்; வயதானவர்கள் விழுவதும் எலும்பு முறிவதும் இப்படித்தான். அதிக அளவு சி.பி.டி. கல்லீரல் பரிசோதனை எண்களை உயர்த்தும். எண்ணெயைப் பற்றித் தெரியாத மருத்துவர், கீமோதான் கல்லீரலைக் கெடுக்கிறது என்று எண்ணி அடுத்த சுற்றைத் தள்ளிப்போடக்கூடும்.

நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இம்யூனோதெரபி எடுக்கிறவர்கள்?

வேண்டாம் என்பதே என் பதில். இஸ்ரேலில் வந்த சில ஆய்வுகள், கஞ்சா எடுத்தவர்களுக்கு இந்தச் சிகிச்சை குறைவாகப் பலித்ததைக் காட்டின. அவை நோயாளிகளைக் கவனித்து எழுதியவை மட்டுமே, உறுதியான நிரூபணம் அல்ல. இருந்தாலும் லட்சக்கணக்கில் செலவழித்து எடுக்கும் சிகிச்சையில் இந்தச் சூதாட்டம் எதற்கு?

பாட்டிலின் லேபிளை எப்படிப் படிப்பது?

ஓர் எடுத்துக்காட்டு. 30 மில்லி பாட்டிலில் 1,500 மில்லிகிராம் என்று பெரிதாகப் போட்டிருக்கும். ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம். ஒரு மில்லிக்குச் சுமார் 20 துளி என்றால் துளிக்கு 2.5 மில்லிகிராம். இது எதனுடைய எடை என்பதுதான் கேள்வி. பல லேபிள்களில் அது மொத்தச் சாற்றின் எடை, அதற்குள் டி.எச்.சி. எவ்வளவு, சி.பி.டி. எவ்வளவு என்று இருக்காது. அந்த இரண்டு எண்களும், தொகுதி எண்ணும், ஆய்வுக்கூடச் சான்றும், உரிம எண்ணும் இல்லாத பாட்டிலை நான் மருந்தாக மதிப்பதில்லை. வீட்டில் காய்ச்சியதும் கைமாறி வந்ததும் இன்னும் மோசம். கரைப்பான் மிச்சமிருக்கலாம், பூஞ்சை இருக்கலாம், வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் அந்தப் பூஞ்சையே உயிருக்கு உலை வைக்கும்.

அளவு தெரிந்தாலும் உடலில் ஏறுவது ஒரே மாதிரி இருப்பதில்லை. வெறும் வயிற்றில் எடுத்த சி.பி.டி.யைவிட, கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு எடுத்தது நான்கைந்து மடங்கு அதிகமாக ரத்தத்தில் சேரலாம். நேற்று கஞ்சியோடு எடுத்த துளிக்கும் இன்று தேங்காய் அரைத்த மீன்குழம்புச் சோற்றுக்குப் பின் எடுத்த துளிக்கும் அவ்வளவு வேறுபாடு.

சட்டம் என்ன சொல்கிறது?

'நோயாளிக்காக' என்ற காரணம் தானாக விலக்குத் தராது. 1985ஆம் ஆண்டு போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் வரையறையில், பூவும் காய்த்த நுனியும் கஞ்சா. பிரித்தெடுத்த பிசின் சரஸ். ஹஷீஷ் எண்ணெய் எனப்படும் செறிந்த எண்ணெயும் சரஸ் கணக்கில்தான் வரும். கஞ்சாவுக்கு ஒரு கிலோ வரை சிறிய அளவு என்றால், சரஸுக்கு 100 கிராம்தான். சிறிய அளவுக்கும் ஓராண்டு வரை கடுங்காவலோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இது மத்தியச் சட்டம் என்பதால் கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். பூ நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. அந்த வழியாகத்தான் ஆயுர்வேத உரிமம் பெற்ற இலைச்சாற்றுத் தயாரிப்புகள் வந்தன. ஆனால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் இலையையும் போதைப் பொருள் கணக்கில் வைத்திருப்பதால், இலை என்றால் எதுவும் ஆகாது என்று எண்ணிவிடாதீர்கள். பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டும் ரசீதும் இல்லாமல் அந்தப் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறாதீர்கள். தோட்டத்தில் இரண்டு செடி நட்டால் என்ன என்று கேட்டவரும் உண்டு. நட்டால் வழக்குதான்.

ஊரில் வைத்தியம் பார்க்கும் ஆசான் லேகியத்தில் சேர்த்துத் தருகிறேன் என்கிறாரே?

கோரக்கர் மூலி என்ற பெயரில் கஞ்சாவைச் சித்த மருத்துவம் நெடுங்காலமாக அறியும். நச்சு நீக்கும் சுத்தி முறையைச் செய்யாமல் அதைத் தொடக் கூடாது என்றும் அறியும். அரசு விதிகளிலும் அது சித்த மருத்துவ நச்சுப் பொருள் பட்டியலில் இருக்கிறது. மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை அந்த மருந்தின் மேல் இருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் ஆசான்மார் மீதுள்ள மதிப்பு எனக்கும் உண்டு, என் கை முறிந்தபோது கட்டுப் போட்டவர் ஓர் ஆசான்தான். ஆனால் பெயரும் அளவும் எழுதாத பொட்டலத்தை, கீமோ ஓடிக்கொண்டிருக்கும் உடம்புக்குக் கொடுக்காதீர்கள்.

அளவு மீறிவிட்டால்?

குடித்த எண்ணெய் வேலை செய்யத் தொடங்க ஒன்று முதல் மூன்று மணி நேரம்கூட ஆகும். "ஒன்றும் தெரியவில்லையே" என்று அரை மணி நேரத்தில் இன்னொரு முறை கொடுப்பதால்தான் பெரும்பாலும் அளவு மீறுகிறது. நெஞ்சு படபடப்பு, பயம், பிதற்றல், எழுப்பினால் கண் திறக்காத மயக்கம் ஆகியவை தெரிந்தால் 108ஐ அழைத்து, பாட்டிலையும் கையோடு கொண்டுபோய் உண்மையைச் சொல்லுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டி வையுங்கள். தொடர்ந்து அதிகமாக எடுக்கிறவர்களுக்குக் கஞ்சாவே ஓயாத வாந்தியை உண்டாக்கும் நிலையும் உண்டு. அதைக் கீமோ வாந்தி என்று எண்ணி மேலும் கொடுப்பார்கள்.

மருத்துவரிடம் சொன்னால் திட்டுவாரே?

திட்டலாம். என் அக்காவையும் ஒரு வாய் திட்டினார். திட்டி முடித்ததும் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, எண்ணெயை நிறுத்தச் சொன்னார். உடம்பு காந்துவதற்கும் தூக்கத்துக்கும் டமாக்சிஃபெனோடு மோதாத வேறு மாத்திரை எழுதினார். "இதை மூணு மாசம் முன்னாலேயே கேட்டிருக்கலாமே அம்மா" என்றார். அக்காவுக்குக் கேட்கலாம் என்றே தோன்றவில்லை. ஐந்து நிமிடப் பார்வையில் தூக்கத்தைப் பற்றிப் பேசுவது பெரிய இடத்தில் சின்ன விஷயம் பேசுவதாக நினைத்திருந்தாள்.

ஆகவே வரிசையில் நிற்கும்போதே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த எண்ணெய், எந்த நாளிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை துளி, எந்தத் தொந்தரவுக்காக. உள்ளே போனதும் மற்ற அறிக்கைகளோடு அந்தச் சீட்டையும் பாட்டிலையும் மேசைமேல் வையுங்கள். பேச வாய் வராவிட்டாலும் அவர் படித்துவிடுவார்.